செல்லு

இரவு பதினொன்றேகால்.
ஆமர் வீதியில் கடைசி லொறியும் போய்விட்டது.
கொட்டாஞ்சேனையில், மூன்றாம் மாடியில்,
கவசம் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பகலில் பழைய சோனகத் தெருவில்
ஆணிக்கும் பிணைச்சலுக்கும் பில் எழுதுகிறவள்.
இரவில் அறுபத்தோராம் படிநிலை,
பெயர் கறுத்தக்கொழும்பான்.
நான்கு வருட உழைப்பு:
ஒரு நீலப் படகு,
ஒரே ஒரு வாரம் மட்டும் கிடைத்த நரித்தோல்,
பூசணி காய்க்கும் சின்னத் தோட்டம்.
என் பெயரில் வேறு காணி கிடையாது.

சிஃபானாவிடமிருந்து செய்தி.
"என் கணக்கு பூட்டுப்பட்டுவிட்டது.
உனக்கு இப்ப ஆறு இலக்கம் ஒன்று வரும்.
அதைச் சொல்லு."

வந்தது.
இலக்கத்துக்குக் கீழே ஒரு வரி:
எவரிடமும் பகிர வேண்டாம்.

எவருக்குள் சிஃபானா எப்படி அடங்குவாள்?
மாளிகாவத்தை மாடியில் ஸஹருக்கு எழும்பி
என் பூசணிக்கும் தண்ணீர் விட்டவள்.
அந்த நோன்பு மாதம் முழுக்க
என் கடவுச்சொல் அவளிடம்தான் இருந்தது.
(மின்னஞ்சலுக்கும் அதே சொல்,
வங்கிக்கும் அதே சொல். சிரிக்காதீர்கள்.)

முதல் மூன்று இலக்கத்தை
விரல் அடித்தும் விட்டது.

அப்போதுதான் கண்ணில் குத்தியது.
சொல்லு.

சிஃபானா ஒருநாளும் சொல்ல மாட்டாள்.
செல்லுவாள்.
"என்னத்தையாச்சும் செல்லேன்" என்பாள்,
"இப்ப செல்ல ஏலா" என்பாள்,
நான் நக்கலடித்தால்
"உன்ட யாழ்ப்பாணத்த நீயே வச்சிக்கோ" என்பாள்.
எழுதும்போதும் அப்படியேதான்.

சகரத்துக்குப் பின்னால்
ஒரு கால் கூடிப்போயிருந்தது.
கள்ளன் அந்தக் காலை
வெளியே நீட்டிக்கொண்டு நின்றான்.

"நேற்று பேக்கரியில் என்ன கருகியது?"
கேட்டுப் பார்த்தேன்.
"அதுக்கெல்லாம் நேரமில்லை டியர்."

முன்பொரு காலம் இந்த நகரத்தில்
வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டு
நாக்கு இடறியவரை
வண்டியிலிருந்து இறக்கினார்களாம்.
அப்போது நான் பிறக்கவில்லை.
ஆனாலும் ஓர் எழுத்தை வைத்து ஆளை அளந்தபோது
கை கூசியது.
என்ன செய்ய,
அந்த நேரத்தில் என்னிடம் இருந்த தராசு
அது ஒன்றுதான்.

மூன்று இலக்கத்தையும் அழித்தேன்.
மின்னஞ்சலின் பூட்டை முதலில் மாற்றினேன்,
அது போனால் எல்லாம் போகும்.
பிறகு வங்கி. பிறகு படகு.
மூன்றுக்கும் மூன்று சொல்.
ஒன்றுக்கொன்று உறவில்லை,
கல்யாண வீட்டில்கூடச் சந்திக்காது.

கடைசியில் ஒரு பட்டியல் காட்டியது:
உங்கள் கணக்கு திறந்திருக்கும் கருவிகள், இரண்டு.
ஒன்று என் கையில்.
மற்றது, கண்ணாடி வெடித்த அவளது பழைய சம்சுங்.
நோன்பு முடிந்தும் நான் அதை மூடவேயில்லை.
'வெளியேற்று' என்பதை அழுத்த
இவ்வளவு நேரம் எடுக்குமென்று நினைக்கவில்லை.

அதற்குள் அந்த ஆறு இலக்கம்
செல்லாதாகியிருந்தது.

விடிய ஐந்தரைக்குத்
தம்பியின் ஃபோனிலிருந்து எடுத்தாள்.
"எல்லாம் போச்சிடி. வாள், குதிரை, எல்லாம்.
உனக்கும் எழுதினானா?
ஒண்டும் குடுக்கல்லத்தானே? ஏய், செல்லேன்!"

இந்தக் குரல் போதும் எனக்கு.
ஆனால் எங்கள் நான்கு வருடப் பேச்சும்
இப்போது அவன் கையில் இருக்கிறது.
ஆறுதலாக வாசிப்பான்.
அடுத்த கிழமை அவனும் செல்லுவான்,
காலை உள்ளே இழுத்துக்கொண்டு.

"காசு விஷயமோ இலக்கமோ என்றால்
இனி எழுதாதே, கூப்பிடு," என்றேன்.
"சரிடி. என்ட கணக்கு திரும்பும் மட்டும்
உன்டதுல விளையாடுறன்.
உள்ளுக்குப் போக விடுதில்லையே,
புதுச் சொல் என்ன?"

"செல்ல ஏலா," என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு, தொலைவில்,
பாண் தட்டுகளை அடுக்கும் சத்தம்.